மதுரையிலிருந்து ஒரே நாளில்: தார் ரோடு முடியும் இடத்தில் தொடங்கும் மலைப் பாதைகள்

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். சமீபத்தில் மாருதி ஜிம்னி கார் எடுத்தோம். காளவாசல் சிக்னலில் நிற்பதற்கு நாலு சக்கர இழுவை எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். பதில் இல்லை.

மதுரையிலிருந்து இருட்டோடு கிளம்பி, ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புகிற மாதிரி மலைப் பாதைகள் வேண்டும். கூட அப்பா வருவார். வயது 68, முதுகுவலி உண்டு. மகள் நாலாம் வகுப்பு. கொடைக்கானல் ஏரி, தூண் பாறை எல்லாம் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. கல்லும் மண்ணுமாகக் கொஞ்ச தூரம் ஓட்ட வேண்டும், அது முடிகிற இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்து பார்க்க ஏதாவது இருக்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

இன்ஸ்டாவில் வழி கேட்டால் யாரும் சொல்வதில்லை. இடத்தைச் சொன்னாலும் சரி, எப்படித் தேடிக் கண்டுபிடிப்பது என்று சொன்னாலும் சரி.

சேற்றுப்புலி எழுதியது:

ஜிம்னிக்கு வாழ்த்துகள் ப்ரோ! மேகமலை போங்க. சின்னமனூரிலிருந்து ஏறினால் ஹைவேவிஸ் வரை நல்ல தார் ரோடு. அதைத் தாண்டி மணலாறு, மகாராஜா மெட்டு பக்கம் போகப் போகத்தான் வண்டிக்கு வேலை. இன்னொரு பாதை இருக்கிறது, கூகுள் மேப்பில் கிடையாது. புல்மேட்டுக்கு நடுவே நேர்கோடாக ஏறும், செம வியூ. நான் ஓட்டின வழியை ஜி.பி.எஸ்.ஸில் பதிந்த டிராக் ஃபைலை இணைத்திருக்கிறேன், இறக்கிக்கொள்ளுங்கள்.

நெறியாளர் எழுதியது:

மேலே இருந்த டிராக் ஃபைல் நீக்கப்பட்டது. அந்தக் கோடு காப்புக்காட்டுக்குள், அதாவது வனத்துறை அனுமதியின்றி நுழையக் கூடாத காட்டுக்குள் போகிறது. இழை தொடரட்டும்.

சேற்றுப்புலி எழுதியது:

அங்கே கேட் இல்லை, போர்டு இல்லை, யாரும் தடுக்கவும் இல்லை. அப்புறம் என்ன?

ஒத்தக்கடை_டீசல் எழுதியது:

புலி தம்பி, புல்மேட்டில் நேர்கோடாக ஏறுகிற பாதை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். மனிதன் போட்ட ரோடு எதுவும் மலையில் நேராக ஏறாது, வளைந்துதான் ஏறும். நேராக ஏறுவது தீத்தடுப்புக் கோடு. காட்டுத்தீ ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தாவாமல் இருக்க வனத்துறை புல்லைச் செதுக்கி வைத்திருப்பது. அதில் வண்டி ஏற்றினால் மழையில் அதுவே ஓடையாகிவிடும். மேகமலை 2021-லிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. கேட் இல்லை என்பதால் அனுமதி உண்டு என்று ஆகாது. காப்புக்காட்டுக்கு 1882-ஆம் வருட வனச் சட்டம், சரணாலயத்துக்கு 1972-ஆம் வருட வனவிலங்குச் சட்டம். வழக்கு விழுந்தால் வண்டியையும் பிடித்து வைப்பார்கள், ஜிம்னி வன அலுவலக வாசலில் நிற்கும்.

வைகைக்கரை, நீங்கள் கேட்டதுக்கு வருகிறேன். நம் மலைகளில் நல்ல பாதை தேடுகிறவர்கள் முதலில் செய்யும் காரியம் காட்டைப் பார்ப்பது. நான் ஊரைப் பார்க்கச் சொல்வேன். மலைக்கு மேலே எங்கே ஊர் இருக்கிறதோ அங்கே காலங்காலமாகப் பாதை இருக்கும், அது பெரும்பாலும் பொதுப்பாதை, அப்படியென்றால் அதில் போக உங்களுக்கு உரிமை உண்டு. சிறுமலை, பன்றிமலை, ஆடலூர், தாண்டிக்குடி, கே.சி.பட்டி, அடுக்கம் என்று மதுரையைச் சுற்றி இப்படி எத்தனையோ. மெயின் ரோடு தார்தான். அதிலிருந்து பிரிந்து சின்னச் சின்னக் குடியிருப்புகளுக்குப் போகும் கிளைகளில்தான் கல் ரோடு, மண் ரோடு. காட்சியும் அங்கேதான், ஏனென்றால் அந்தக் குடியிருப்புகள் பெரும்பாலும் மலை விளிம்பில், தண்ணீர் இறங்கும் இடத்தில் இருக்கும்.

காட்டுக்குள் போனால் மரம்தான் தெரியும். ஊர்ப் பாதையில் போனால் பள்ளத்தாக்கு தெரியும்.

வரைபடப்பித்தன் எழுதியது:

டீசல் அண்ணன் சொன்னதை வீட்டில் உட்கார்ந்தே எப்படிச் செய்வது என்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவு வரைபடத் தாள்களை அவர்களுடைய தளத்தில் பதிவு செய்துகொண்டு இலவசமாக இறக்கலாம். 2017-லிருந்து இந்த வசதி இருக்கிறது. முதலில் குறியீட்டு விளக்கத்தைப் பாருங்கள். தார் ரோட்டுக்கு ஒரு குறி, கப்பி போடாத ரோட்டுக்கு ஒரு குறி, வண்டிப்பாதைக்கு ஒரு குறி, வெறும் காலடிப் பாதைக்குப் புள்ளிக்கோடு. உங்களுக்கு வேண்டியது நடுவில் இருக்கிற இரண்டு. அதே தாளில் ஆர்.எஃப். என்ற எழுத்துகள் எங்கே பரவிக் கிடக்கின்றன என்றும் பாருங்கள், அது காப்புக்காடு. உயரக் கோடுகள் (ஒரே உயரமுள்ள இடங்களை இணைப்பவை) நெருக்கமாகக் குவிந்த இடத்துக்குப் பக்கத்தில் பாதை போனால் அங்கே நிச்சயம் ஒரு பெரிய பள்ளத்தாக்குக் காட்சி உண்டு. இதுதான் நான் இடம் கண்டுபிடிக்கும் ரகசியம், சொல்லிவிட்டேன்.

பழைய அளவை என்பதால் சில பாதைகள் இன்றைக்குத் தார் ஆகியிருக்கும், சில புதர் மூடியிருக்கும். அதற்குத்தான் செயற்கைக்கோள் படம். பாதை முடியும் இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கூட்டமாகக் கூரைகள், ஒரு பள்ளிக்கூடம், தண்ணீர்த் தொட்டி தெரிந்தால் ஊர். தோட்டத்துக்கு நடுவில் ஒரே ஒரு பங்களாவும் நீளக் கொட்டகையும் தெரிந்தால் எஸ்டேட், அதாவது தனியார். ஒன்றுமே இல்லாமல் பாதை மட்டும் முடிந்தால் வனத்துறை அல்லது மின்வாரியப் பாதை. முதலாவதைத் தவிர மற்ற இரண்டுக்கும் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

ஓபன் ஸ்ட்ரீட் மேப் என்று பொதுமக்களே சேர்ந்து வரையும் இணைய வரைபடத்தில் மண் பாதைகளுக்கு ஒன்று முதல் ஐந்து வரை தரம் போட்டிருப்பார்கள். ஒன்று கெட்டியான தரை, ஐந்து புல்லும் சேறும். குடும்பத்தோடு போகும்போது மூன்று வரைக்கும் போதும். ஆர்கானிக் மேப்ஸ் அல்லது ஆஸ்மாண்ட் செயலியில் அந்த மாநிலப் படத்தை வீட்டிலேயே இறக்கிக்கொள்ளுங்கள், மேலே சிக்னல் இருக்காது. இருந்தாலும் பி.எஸ்.என்.எல். மட்டும்தான் இருக்கும்.

கூகுள் மேப்பை மட்டும் நம்பிப் போகாதீர்கள். எஸ்டேட்டுக்குள் போகும் தனியார் ரோட்டையும், என்றைக்கோ மூடிய ரோட்டையும் குறுக்கு வழி என்று காட்டும். பேரிஜம் வழியாக டாப் ஸ்டேஷன் போய் மூணாறில் இறங்கும் பழைய ரோடு நல்ல உதாரணம். படத்தில் பார்த்தால் நாக்கில் எச்சில் ஊறும். 1990 வாக்கிலேயே அதைப் பொதுப் போக்குவரத்துக்கு மூடிவிட்டார்கள். இப்போது பேரிஜம் ஏரி வரைக்கும்தான், அதுவும் வனத்துறை அனுமதிச் சீட்டோடு.

கடைசியாக ஒன்று. தேர்தல் நேரத்துச் செய்திகளைத் தேடிப் படியுங்கள். நத்தம் பக்கம் மலையூருக்கு வாக்கு இயந்திரத்தைக் கழுதையிலும் குதிரையிலும் ஏற்றிப் போனார்கள் என்று செய்தி வரும். அப்படி வந்தால் அந்த ஊருக்கு அப்போது வண்டிப்பாதை இல்லை என்று அர்த்தம். ஜீப்பில் போனது என்று வந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

ரெண்டு_சக்கரம் எழுதியது:

தேர்தல் யோசனை அபாரம் பித்தன். நான் இத்தனை நாள் மினி பஸ் போர்டைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். திண்டுக்கல், வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் காலையில் நின்றால் கேள்விப்படாத மலை ஊர்ப் பெயர்கள் எல்லாம் போர்டில் வரும். பஸ் போகிற ஊருக்கு உங்கள் வண்டி கட்டாயம் போகும். பஸ் நின்றுவிடும் இடத்துக்கு அடுத்த ஊருக்குச் சரக்கு ஜீப் போகும். ஆக, பஸ் கடைசியாக நிற்கும் இடத்து டீக்கடையில் கேட்டால் மிச்சக் கதையைச் சொல்லிவிடுவார்கள்.

நான் ஹிமாலயன் பைக் ஓட்டுகிறேன். மதுரையிலிருந்து ஒரு நாளைக்கு எனக்குப் பிடித்தது பெரியகுளம், கும்பக்கரை, அடுக்கம், பெருமாள்மலை ரோடு. இது ஆஃப்ரோடு இல்லை, ஒற்றை வண்டி அகலத்தில் போட்ட ரோடுதான். ஆனால் மழைக்கு மண் சரிந்து சரிந்து, தார் எங்கே முடிந்தது மண் எங்கே தொடங்கியது என்று சொல்ல முடியாது. கீழே பெரியகுளம் மாந்தோப்புகள் சதுரம் சதுரமாகத் தெரியும். வத்தலக்குண்டு வழியில் விடுமுறை நாளில் வண்டி வரிசை நிற்கும்போது இங்கே எதிரே ஒரு பால் வண்டி வந்தாலே அதிசயம். வடகிழக்குப் பருவமழை நேரத்தில் இந்த ரோடு அடிக்கடி மூடப்படும். கிளம்பும் முன் பெரியகுளத்தில் யாரையாவது விசாரித்துவிடுங்கள்.

மேலே பெருமாள்மலை தொட்டால் கொடைக்கானல் எல்லை. இ-பாஸ் எடுத்து வையுங்கள். 2024 மே மாதத்திலிருந்து நடைமுறையில் இருக்கிறது. 2025 கோடையில் வார நாளில் 4,000 வண்டி, சனி ஞாயிறு 6,000 வண்டி என்று எண்ணிக்கையும் கட்டினார்கள். முதல் நாள் ராத்திரி போய் விண்ணப்பித்துக் கிடைக்கவில்லை என்று புலம்பாதீர்கள்.

போடி_ஏலம் எழுதியது:

எல்லோரும் கொடைக்கானல் பக்கத்துப் பழனி மலைத்தொடரையே சுற்றி வருகிறீர்கள். போடிக்காரன் நான் எதற்கு இருக்கிறேன்?

கொழுக்குமலை. இந்த இழையில் இன்னும் அந்தப் பெயர் வரவில்லை என்பதே ஆச்சரியம். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 7,900 அடி. தேயிலைத் தோட்டம் இருப்பது தமிழ்நாட்டில், தேனி மாவட்டம். ஆனால் வண்டியில் போக வேண்டுமென்றால் போடிமெட்டின் 17 கொண்டை ஊசி ஏறி, கேரளாவுக்குள் போய், பூப்பாறை வழியாகச் சூரியநெல்லி போய், அங்கிருந்து திரும்பத் தமிழ்நாட்டுக்குள் ஏற வேண்டும். நம் தோட்டத்துக்கு அடுத்த மாநிலம் வழியாக வழி!

சூரியநெல்லியிலிருந்து மேலே சுமார் 12 கிலோமீட்டர். பெரிய பெரிய உருளைக் கல். சொந்த வண்டியை விட மாட்டார்கள், சூரியநெல்லியில் ஜீப் எடுக்க வேண்டும், வாடகை ஜீப்புக்குத்தான், ஆளுக்கு இல்லை. ஜிம்னி வைத்திருக்கும்போது வாடகை ஜீப்பா என்று முகம் சுளிக்க வேண்டாம். அந்த டிரைவர்கள் கமாண்டர் ஜீப்பை அந்தக் கல்லில் ஏற்றுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், எந்த வீடியோவும் கற்றுத் தராது. கிளட்சைத் தொடுவதே தெரியாது. மேலே விடிகிற நேரத்தில் நின்றால் காலடியில் மேகம், மேகம் விலகினால் தேனிச் சமவெளி, பக்கவாட்டில் மீசைப்புலிமலை. ஆனால் சூரிய உதயம் பார்க்க வேண்டுமென்றால் மதுரையிலிருந்து நள்ளிரவு தாண்டியதும் கிளம்ப வேண்டியிருக்கும். முதுகுவலி உள்ள அப்பாவை அதில் ஏற்றாதீர்கள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த 12 கிலோமீட்டர் நல்ல முதுகையே பதம் பார்க்கும்.

அப்பாவுக்காக ஒரு மாற்று: சதுரங்கப்பாறை. பூப்பாறையிலிருந்து உடும்பன்சோலை போகும் வழியில் பிரிய வேண்டும். காற்றாலைகள் சுற்றும் மேடு, கீழே நம் தமிழ்நாட்டுச் சமவெளி முழுக்க விரித்துப் போட்டிருக்கும். அதிகம் நடக்கத் தேவையில்லை. அங்கிருந்து இன்னும் தெற்கே போனால் ராமக்கல்மேடு, அங்கே ஆமப்பாறைக்கு ஜீப் சவாரி உண்டு. திரும்பும்போது கம்பம்மெட்டு வழியாகக் கம்பத்தில் இறங்கலாம். போடிமெட்டில் ஏறி கம்பம்மெட்டில் இறங்கினால் ஒரே நாளில் ஒரு முழு வட்டம்.

ஒரு பக்கக் கதை, பிள்ளைக்குச் சொல்லலாம். போடிக்குப் பக்கத்தில் குரங்கணிக்கு மேலே சென்ட்ரல் ஸ்டேஷன் என்று ஓர் ஊர். ரயிலே கிடையாது. அந்தக் காலத்தில் மூணாறு தேயிலை குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் டாப் ஸ்டேஷன் வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கி கீழே கொட்டகுடிக்கு இறங்கியது. நடுவில் வடம் நின்ற இடம்தான் சென்ட்ரல். 1924 பெருவெள்ளம் ரயிலைக் கொண்டுபோய்விட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

வைகைக்கரை எழுதியது:

அம்மாடி, ஒரு ராத்திரியில் இவ்வளவா! எல்லோருக்கும் நன்றி. டீசல் அண்ணன், ஊரைப் பார்க்கச் சொன்னது புரிகிறது. பித்தன் சார் சொன்ன மாதிரி தாளை இறக்கி வைத்திருக்கிறேன், நேற்று ராத்திரி தூக்கமே போய்விட்டது.

தாண்டிக்குடி, பெரும்பாறை பக்கம் பார்த்ததில் நிறையக் கிளைப் பாதைகள் தெரிகின்றன. கொழுக்குமலையை அப்பா இல்லாத இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்கிறேன். குடும்பத்தோடு முதல் தடவைக்குத் தாண்டிக்குடி சரியா? மண் ரோடு ஓட்டிப் பழக்கமில்லை என்பதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

தாண்டிக்குடி_மிளகு எழுதியது:

என் ஊர்ப் பெயர் வந்ததால் எழுதுகிறேன். எங்களுக்குக் காபியும் மிளகும். படிப்பவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், முதலில் ஒரு வருத்தத்தைச் சொல்லிவிட்டுப் பிறகு வழி சொல்கிறேன்.

எங்கள் குடியிருப்புக்குப் போகும் கிளைப் பாதை மண் பாதை. மூட்டை இறங்குவது அதில்தான், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவது அதில்தான், பிரசவத்துக்கு ஜீப் இறங்குவதும் அதில்தான். போன வருடம் நல்ல மழை பெய்த மறுநாள் நாலைந்து பெரிய வண்டிகள் வந்தன. ஏற்றத்தில் வேண்டுமென்றே சக்கரத்தைச் சுழலவிட்டு, சேறு பறப்பதைப் படம் பிடித்தார்கள். அவர்கள் போன பிறகு முழங்கால் ஆழத்துக்கு இரண்டு தடம். அதில் எங்கள் ஜீப் இறங்கி அச்சு தட்டி நின்றுவிட்டது. பஞ்சாயத்தில் சொன்னால் எப்போது வருவார்கள்? நாங்களே கல் பொறுக்கிப் போட்டு மூடினோம். காபி பழம் பறிக்கும் நேரம் வேறு, ஆள் கிடைக்காத நாளில் அந்த வேலை.

வராதீர்கள் என்று சொல்லவில்லை. மழை பெய்து இரண்டு மூன்று நாள் காய்ந்த பிறகு வாருங்கள். மெதுவாக வாருங்கள். சரக்கு ஜீப் எதிரே வந்தால் நீங்கள் பின்னால் எடுங்கள், அது பாரத்தோடு வருகிறது.

இனி வழி. வத்தலக்குண்டிலிருந்து சித்தரேவு போய்ப் பெரும்பாறை ஏறுங்கள். ஏற ஏறக் கீழே தென்னை குறைந்து, மேலே காபியும் சில்வர் ஓக்கும் அதில் சுற்றிய மிளகுக்கொடியும் வரும். பெரும்பாறைக்குப் பக்கத்தில் புல்லாவெளி அருவி. தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வாருங்கள். பாறையில் வழுக்கி உயிர் போன சம்பவங்கள் நடந்த இடம், மகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். அடுத்தது தடியன்குடிசை, வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் அங்கே இருக்கிறது. பிறகு தாண்டிக்குடி. முருகன் கோயில் மேட்டில் நின்றால் காற்று ஆளைத் தள்ளும். பழைய கற்திட்டைகள் (பெருங்கற்காலத்துக் கல்லறைகள்) இருக்கின்றன, யாரைக் கேட்டாலும் வழி காட்டுவார்கள்.

மண் ரோடு வேண்டுமென்றால் மங்களங்கொம்பு பக்கமும் கே.சி.பட்டி பக்கமும் பிரியும் கிளைகளைப் பாருங்கள். எந்தக் கிளை இந்த மாதம் ஓட்டும் நிலையில் இருக்கிறது என்று தாண்டிக்குடி ஜீப் ஸ்டாண்டில் கேளுங்கள். மழைக்கு மழை மாறும், நான் இங்கே எழுதிப் பயனில்லை. திரும்பும்போது வந்த வழியே வராமல் பண்ணைக்காடு வழியாக ஊத்து போய்க் கொடைக்கானல் ரோட்டில் சேர்ந்து இறங்குங்கள். அந்த ரோட்டில் டம் டம் பாறையில் நிறுத்தினால் எதிரே தலையாறு அருவி, எலிவால் அருவி என்பார்களே, அதேதான். ஆயிரம் அடிக்குக் கொஞ்சம் குறைவான உயரம். மழைக்காலம் முடிந்த கையோடு போனால் வெள்ளைக் கோடாகத் தெரியும்.

ஆடலூர், பன்றிமலை பக்கம் இறங்கும் யோசனை இருந்தால் மாலை நாலு மணிக்கு மேல் வேண்டாம். யானை நடமாட்டம்.

சேற்றுப்புலி எழுதியது:

ஐயா, அந்த வண்டிகளில் நான் இல்லை. ஆனாலும் படித்ததும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஒரு கேள்வி மட்டும். காடு தடை, எஸ்டேட் தனியார், ஊர்ப் பாதையில் மெதுவாகப் போ என்கிறீர்கள். பிறகு நாலு லட்சம் அதிகம் கொடுத்து இந்த வண்டியை எதற்கு வாங்கினோம்?

ஒத்தக்கடை_டீசல் எழுதியது:

கேள்வி சரியானதுதான் தம்பி. பதில் இரண்டாகப் பிரியும். சேற்றில் புரள வேண்டும், வண்டியின் எல்லையைப் பார்க்க வேண்டும் என்றால் அதற்குத் தனியார் நிலத்தில் காசு கட்டி ஓட்டும் களங்கள் இருக்கின்றன. உதவிக்கு ஆள் இருப்பார்கள், கவிழ்ந்தாலும் தூக்கிவிடுவார்கள். அங்கே காட்சி இருக்காது, பள்ளம்தான் இருக்கும். மலைக் காட்சிக்காகப் போகும் நாளில் அந்த ஆசையை வீட்டில் வைத்துவிட்டுப் போக வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் கேட்பதால்தான் தாண்டிக்குடிக்காரர் கல் பொறுக்குகிறார்.

வைகைக்கரை, மண் ரோட்டுக்குப் புதியவர் என்றீர்கள். சிலதைச் சொல்கிறேன்.

ஏறும்போதும் சரி இறங்கும்போதும் சரி, கல் ரோடு தொடங்கும் முன்பே நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, 4எல் லீவரை (நாலு சக்கரமும் மெதுவாக, பலமாக இழுக்கும் கியர்) போடுங்கள். மாட்டிக்கொண்ட பிறகு போடுவது பாதிப் பயன்தான். இறக்கத்தில் முதல் கியரில் விட்டுவிட்டுக் காலை எல்லாவற்றிலிருந்தும் எடுங்கள், என்ஜினே பிடித்துக்கொண்டு இறங்கும். பிரேக்கை அழுத்தி அழுத்தி இறங்கினால் சூடேறிக் கடைசி வளைவில் பிடிக்காது. 4எல்லில் தார் ரோட்டில் திருப்பக் கூடாது, முறுக்கிக்கொள்ளும்.

டயர் காற்றைக் கல் ரோட்டில் 22 பி.எஸ்.ஐ. வரைக்கும் குறைக்கலாம், குலுங்கல் பாதியாகும், அப்பாவின் முதுகுக்கும் அதுதான் மருந்து. அதற்குக் கீழே போனால் கம்பெனி டயரின் பக்கச் சுவரைக் கூர்க்கல் கிழிக்கும். தார் வந்ததும் திரும்ப ஏற்ற வேண்டும், சின்ன கம்ப்ரஸர் ஒன்று வாங்கிவிடுங்கள். ஜிம்னிக்குத் தரையிலிருந்து 210 மில்லிமீட்டர் இடைவெளி. கல்லை இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் விடுவதைவிட டயரை அதன் மேல் ஏற்றுவதுதான் பாதுகாப்பு. புதிதாக ஓட்டுபவர்கள் இதற்குத்தான் பயப்படுவார்கள்.

குறுகலான ஏற்றத்தில் ஏறுகிற வண்டிக்கு வழி விட வேண்டும், அது சட்டமே. ஆனால் தாண்டிக்குடிக்காரர் சொன்ன மாதிரி பாரத்தோடு வரும் ஜீப் என்றால் நீங்கள் ஏறினாலும் நீங்களே ஒதுங்குங்கள்.

இழுவைக்கு நைலான் கயிறு வேண்டாம், அறுந்தால் சாட்டை மாதிரி திரும்பி வரும். இழுவைப் பட்டையும் இரண்டு டி ஷாக்கிளும் (டி வடிவ இரும்புக் கொளுவி) போதும். வண்டியின் இழுவைக் கொக்கியில் மட்டும் மாட்டுங்கள்.

முதல் தடவை தனி வண்டியாகப் போனால் பித்தன் சொன்ன மூன்றாம் தரத்துக்கு மேல் உள்ள பாதையில் இறங்கிப் பார்க்காமல் ஓட்டாதீர்கள். சந்தேகமான வளைவில் நிறுத்திவிட்டு நடந்து போய்ப் பாருங்கள். திருப்ப இடம் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி, ஏற முடியுமா என்பது இரண்டாவது.

ரெண்டு_சக்கரம் எழுதியது:

சிறுமலையை எல்லோரும் மறந்துவிட்டீர்களே! மண் ரோட்டுக்கே புதியவர் என்றால் முதல் பாடம் அங்கே படிக்கலாம். திண்டுக்கல்லிலிருந்து நத்தம் ரோட்டில் பிரிந்து 18 கொண்டை ஊசி. மேலே பழையூர், புதூர், தென்மலை, அகஸ்தியர்புரம் என்று ஊர்கள், ஊருக்கு ஊர் கிளைப் பாதை. தோட்டத்திலிருந்து வாழைத்தாரும் எலுமிச்சையும் குதிரை முதுகில் இறங்கி வரும், பாப்பாவுக்கு அதுவே பெரிய வேடிக்கை. குதிரையைக் கண்டால் ஹாரன் அடிக்காதீர்கள், மிரளும். சிறுமலை வாழைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. ஒரு சீப்பு வாங்கிச் சாப்பிட்டுப் பாருங்கள், சந்தையில் அதே பெயரில் விற்பதற்கும் இதற்கும் வித்தியாசம் தெரியும்.

மதுரையிலிருந்து காலையில் போய் மதியத்துக்கு மேல் திரும்பிவிடலாம். காட்சி என்று பார்த்தால் தாண்டிக்குடிக்கு ஒரு படி கீழேதான்.

வரைபடப்பித்தன் எழுதியது:

பருவத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை போடிமெட்டு, சூரியநெல்லி, ராமக்கல்மேடு பக்கம் தென்மேற்குப் பருவமழையும் மூடுபனியும். அதே நேரத்தில் தாண்டிக்குடி, சிறுமலை பக்கம் ஓரளவு காய்ந்திருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தலைகீழ்: இந்தப் பக்கம் மழை, மண் சரிவு. ஜனவரியும் பிப்ரவரி முதல் பாதியும் எல்லாப் பக்கமும் நல்லது. காலைப் பனியும் உண்டு, மண்ணும் கெட்டியாக இருக்கும்.

அதற்குப் பிறகு தீக்காலம். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் பிடித்த தீயில் மலையேறப் போனவர்களில் 23 பேர் இறந்தார்கள். அந்த வருடமே மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை காட்டுப் பக்கம் பல பாதைகள் மூடியிருக்கும், ஊர்ப் பாதையில் போனாலும் காய்ந்த புல் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள். சைலன்ஸர் சூடு போதும்.

காட்டுக்குள் பார்த்தே தீர வேண்டும் என்றால் 2024 அக்டோபரில் தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டம் இருக்கிறது, மாநிலம் முழுக்க 40 பாதைகள், இணையத்தில் பதிவு செய்துகொண்டு வழிகாட்டியோடு நடக்கலாம். நம் பக்கம் குரங்கணி சாம்பலாறு பாதை அதில் ஒன்று. வண்டியைக் கீழே விட்டுவிட்டுக் காலால் பார்க்க வேண்டியது. கண்ணுக்கு அதுதான் நிறைவு என்பது என் கட்சி. இந்த இழையில் அடி விழும், தெரியும்.

போடி_ஏலம் எழுதியது:

அடி கிடையாது பித்தன், ஆனால் ஆயிரம் அடி ஏறி மூச்சு வாங்கும்போது உங்கள் கட்சி எத்தனை பேருக்கு நினைவிருக்கும் என்று பார்ப்போம்.

வைகைக்கரை எழுதியது:

முடிவு செய்துவிட்டோம். இந்த ஞாயிறு சிறுமலையில் பழகிவிட்டு, ஜனவரியில் ஒரு வார நாளில் சித்தரேவு, பெரும்பாறை, தாண்டிக்குடி, பண்ணைக்காடு வட்டம். வார நாள் என்றதும் மகளுக்கு இரட்டைச் சந்தோஷம். கிளைப் பாதை எது என்பதை ஜீப் ஸ்டாண்டில் கேட்டுக்கொள்கிறேன். இரண்டு கேள்வி பாக்கி. மேலே பெட்ரோல் கிடைக்குமா? மதியச் சாப்பாட்டுக்கு என்ன செய்வது? அப்பாவுக்குச் சர்க்கரை, நேரத்துக்குச் சாப்பிட வேண்டும்.

தாண்டிக்குடி_மிளகு எழுதியது:

வத்தலக்குண்டிலேயே டேங்கை நிரப்பிவிடுங்கள், மேலே நம்பி வர வேண்டாம். கல் ரோட்டில் 4எல்லில் ஓட்டினால் வழக்கத்தைவிட நிறையக் குடிக்கும். சாப்பாடு தாண்டிக்குடியில் சின்ன மெஸ்களில் கிடைக்கும். ஆனால் வார நாளில் அளவாகத்தான் வடிப்பார்கள், பன்னிரண்டரைக்குள் வந்தால் சூடாக உண்டு, இரண்டு மணிக்கு வந்தால் முட்டை தோசைதான். அப்பாவுக்காகக் கையில் ஏதாவது கட்டி எடுத்து வாருங்கள். பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம், சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துவிடுவார்கள். வீட்டுச் சொம்பிலோ ஸ்டீல் கேனிலோ தண்ணீர் கொண்டு வாருங்கள்.

வரும் முன் இங்கே ஒரு வரி எழுதுங்கள். மழை பெய்திருந்தால் அன்றைக்குக் காலையிலேயே சொல்லிவிடுகிறேன்.